விட்டுவிடு கருப்பா, விடாது கருப்பு: ஒரு மர்மக் கதையும் பார்வையாளர் கருத்துகளும்

ஒரு கதையைப் பத்துப் பேர் கண்டால் பத்துக் கருத்துகள் பிறக்கும். இஃது இயற்கை. ஆயின் கருத்துகள் பல என்பதனால் அவை அனைத்தும் ஒரே மதிப்புடையன ஆகா. எக்கருத்து கதையிலிருந்து பிறந்தது, எக்கருத்து பார்த்தவர் முன்னரே கொண்டிருந்த எண்ணத்திலிருந்து பிறந்தது என்று பிரித்தறிதல் திறனாய்வின் முதற் படியாகும். தமிழாசிரியர்க்கு இத்திறன் நாள்தோறும் வேண்டப்படுவது. மாணவன், 'கதை நன்றாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்த தாளில் மதிப்பெண் இடுமுன், 'ஏன்?' என்று கேட்பவரே ஆசிரியர்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற ஒன்று, தமிழில் நாவலாகத் தோன்றிப் பின்னர்த் தொலைக்காட்சித் தொடராக மாறிய 'விடாது கருப்பு'. கம்போங் குவாந்தானிலும் அதனைச் சூழ்ந்த வடசிலாங்கூர்த் தோட்டப் புறங்களிலும் வாழும் தமிழர்க்கு இக்கதை அயலான பொருள் அன்று. கருப்பர், முனியாண்டி, மதுரைவீரன் ஆகிய காவல் தெய்வங்களைப் பால்மரக் காட்டின் எல்லையில் நிறுத்தி வணங்கிய குடும்பங்களின் வழித்தோன்றல்களே நம்முள் பலர். ஆதலால் இத்தொடரைப் பற்றி எழும் வழக்கு, ஒரு கதையைப் பற்றியதாக மட்டும் நில்லாது, நம் முன்னோரின் நம்பிக்கையை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாவாகவும் விரிகிறது.

நாவலும் தொடரும்

நாவலைக் காட்சிக் கலையாக்குதல் தமிழில் புதிய முயற்சி அன்று. ஜே. ஆர். ரங்கராஜு எழுதி 1908இல் வெளிவந்த 'இராஜாம்பாள்' என்னும் துப்பறியும் நாவல், 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. தேவனின் 'துப்பறியும் சாம்பு' வார இதழில் வாசகரை மகிழ்வித்த பின், தொலைக்காட்சிக்கும் சென்றது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் வளர்த்த மர்ம நாவல் மரபு, வார இதழ்களின் வழியே தழைத்து, இறுதியில் வீட்டுக் கூடத்துத் திரையை அடைந்தது என்க.

அம்மரபில் தெய்வமும் சித்தரும் கோயிலும் கலந்த மர்மக் கதைகளைத் தமக்கெனத் தனித்துறையாக்கிக் கொண்டவர் இந்திரா சௌந்தர்ராஜன். 1958இல் பிறந்து, மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்தவர். அவருடைய நாவல்களைத் தழுவி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் 1990களில் 'மர்மதேசம்' என்னும் பொதுப் பெயரில் வாரத் தொடர்களைத் தயாரித்தது. இயக்கியவர் நாகா. முதலில் வந்த 'ரகசியம்', நவபாஷாண இலிங்கம் ஒன்றைச் சூழ்ந்த மர்மத்தைக் கூறியது. அதனை அடுத்து வந்தது 'விடாது கருப்பு'. இதன் மூல நாவலின் பெயர் 'விட்டுவிடு கருப்பா'.

கதையின் அடிப்படை எளிது. ஒரு சிற்றூரில் தவறு செய்வோர் ஒருவர் பின் ஒருவராகத் தண்டனை பெறுகின்றனர். தண்டிப்பவர் ஊர்க் காவல் தெய்வமாகிய கருப்பசாமியே என்று ஊரார் நம்புகின்றனர். இரவில் வெள்ளைக் குதிரை வருகிறது. தண்டிப்பது தெய்வமா, தெய்வத்தின் பெயரால் ஒரு மனிதனா என்பது புதிர். கதை இரு காலங்களில் மாறி மாறி நடக்கிறது. ஒரு சிறுவன் கண்டவை முற்காலம். ஆண்டுகள் பல கழிந்தபின் நிகழ்வன பிற்காலம். ஒரே உடலில் இரு வேறு ஆளுமைகள் தோன்றும் மனநோயைப் பற்றிய உளநூற் கருத்தும் புதிரை அவிழ்க்கத் துணையாகிறது. தண்டித்தவர் யார் என்பதை ஈண்டுக் கூறப் போவதில்லை. இன்னும் காணாதவர் சுவையைக் கெடுப்பது முறையன்று. இத்தொடரை இணையத்தில் இன்றும் காணலாம்.

பெயர் மாற்றம் உணர்த்துவது

நாவலின் பெயரும் தொடரின் பெயரும் வேறுபட்டிருப்பதை முதலில் நோக்குவோம். இலக்கணம் கற்பிப்போர் இவ்விடத்தில் சற்று நிற்பது பயன் தரும்.

'விட்டுவிடு கருப்பா' என்பதில் 'விட்டுவிடு' என்பது முன்னிலை ஏவல். 'கருப்பா' என்பது 'கருப்பன்' என்னும் பெயரின் விளி. கூறுவோன் தெய்வத்தை நேரே நோக்கிக் கெஞ்சுகிறான். கேட்கும் தெய்வம் அவன் முன் நிற்கிறது, இரங்கவும் கூடும். நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைத்தது நினைக்கத்தக்கது. இப்பெயரில் கருப்பன் உயர்திணை, உரையாடத் தக்கவன்.

'விடாது கருப்பு' என்பதோ வேறு. 'விடாது' என்பது எதிர்மறை வினைமுற்று; ஒன்றன்பால். பயனிலை முன்னும் எழுவாய் பின்னுமாக அமைந்துள்ளது. இங்கே எவரும் தெய்வத்தை அழைக்கவில்லை. தெய்வத்தைப் பற்றி ஒருவர் மற்றொருவர்க்கு எச்சரிக்கை கூறுகிறார். கெஞ்சல் மறைந்து முடிந்த முடிபு வந்துவிட்டது. 'கருப்பன்' என்னும் ஆண்பாற் பெயரும் 'கருப்பு' ஆயிற்று. 'சாமி வந்தது', 'சாமி கேட்கும்' என்று தெய்வத்தை அஃறிணை முடிபு கொடுத்து வழங்குவது மக்கள் பேச்சில் உண்டு. எனினும் இத்தலைப்பில் அம்முடிபு, பெயரறியா ஆற்றல் ஒன்று துரத்துவது போன்ற அச்சத்தைத் தருகிறது.

நாவலின் பெயர் வேண்டுகோள். தொடரின் பெயர் எச்சரிக்கை. வாசகன் தனியே அமர்ந்து படிக்கும் நூலுக்கு முன்னது பொருந்தும். வாரந்தோறும் ஒரே நேரத்தில் பல வீடுகளில் ஒலிக்க வேண்டிய தொடருக்குப் பின்னது பொருந்தும். அடுத்த வாரமும் விடாது என்னும் குறிப்பும் அதில் அடங்கியிருக்கிறது. மூலத்தை மாற்றுதல் சிதைத்தலே என்று எண்ணுவோர், இச்சிறு மாற்றத்தில் எத்துணைப் பொருள் அடங்கியுள்ளது என்று கருதிப் பார்த்தல் வேண்டும்.

காட்சி, ஐயம், தெளிவு

மர்மக் கதை மேலைநாட்டிலிருந்து வந்த வடிவம் என்பர். அச்சு நூலாக வந்த வடிவத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆயின் அதன் உள்ளே இயங்கும் அறிவுமுறை தமிழ் மரபுக்குப் புதிதன்று.

அகப்பொருள் மரபில் தலைவன் தலைவியை முதன்முதற் கண்டபோது நிகழ்வனவற்றைக் காட்சி, ஐயம், தெளிவு என முறைப்படுத்துவர். கண்டவளின் அழகு மிகுதியால், இவள் தெய்வமகளோ மானுட மகளோ என்று தலைவன் ஐயுறுகிறான். திருக்குறளின் காமத்துப்பால் இந்த ஐயத்தோடுதான் தொடங்குகிறது. பின்னர் அவன் எவ்வாறு தெளிகிறான்? அடையாளங்களைக் காண்கிறான். அவள் சூடிய பூ வாடுகிறது, வண்டு மொய்க்கிறது, கண் இமைக்கிறது, அவள் அஞ்சுகிறாள். இவை தெய்வத்திற்கு உரியன அல்ல. ஆதலால் இவள் மானுட மகளே என்று துணிகிறான். இவ்வடையாளங்களைத் தொல்காப்பியக் களவியல் எண்ணிக் கூறுகிறது.

இதனைத் துப்பறிதல் என்று கூறினால் தவறாகுமா? கண்ட பொருள் தெய்வமோ மனிதரோ என்னும் ஐயம், அடையாளங்களைத் தேடுதல், அவற்றைக் கொண்டு துணிதல். 'விடாது கருப்பு' தொடரின் புதிரும் இதே மூன்று படிகளில்தான் நகர்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. தலைவன் ஐயுறுவது அழகினால். ஊரார் ஐயுறுவது அச்சத்தினால்.

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் விடை தருகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு அதன் நிலைக்களன்கள். அணங்கு என்பது வருத்தும் தெய்வம் முதலாயின. கள்வர் என்பது தீங்கிழைக்கும் மனிதர். இறை என்பது நம்மை ஆளும் அதிகாரம் உடையோர். இந்நான்கினையும் கையில் வைத்துக்கொண்டு தொடரைக் கண்டால் அதன் கட்டமைப்பு விளங்கும். ஊரார் அச்சத்தை அணங்கின்மேல் வைக்கின்றனர். ஆராய்வோர் அதனைக் கள்வர்மேல் வைக்க முயல்கின்றனர். ஊரில் செல்வமும் அதிகாரமும் உடையவர்மேல் மக்களுக்கு உள்ள அச்சம் இவ்விரண்டிற்கும் அடியில் கிடக்கிறது. பார்வையாளருள் யார் எவ்வச்சத்தைத் தம் வாழ்வில் மிகுதியாக அறிந்தவரோ, அவர் அதனையே கதையில் மிகுதியாகக் காண்பர். கருத்து வேறுபாட்டின் வேர் இங்கே உள்ளது.

கருத்துகளை வகைப்படுத்தல்

நூல் செய்வோன் பிறர் கருத்தை எவ்வாறெல்லாம் எதிர்கொள்ளலாம் என்பதை நன்னூல் எழுவகை மதம் எனக் கூறுகிறது. பிறர் கருத்தை உடன்படல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டவழி ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கொள்கையொடு சேராது தன் கொள்கையே கொள்ளல். பார்வையாளர் கருத்துகளையும் இவ்வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். பெரும்பாலானோர் உடன்படல், மறுத்தல் என்னும் முதலிரண்டோடு நின்றுவிடுகின்றனர். ஏனைய ஐந்தும் காரணம் தேடுவோர்க்கே கைவரும்.

நாவலிலிருந்து வந்த மர்மத் தொடர் எதனைப் பற்றியும் மூன்று குறைகள் வழக்கமாகக் கூறப்படும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, 'நூலில் இருந்ததுபோல் இல்லை' என்பது. இது குற்றங்காட்டல் போலத் தோன்றினாலும், வேறுபாட்டைக் கூறுவதேயன்றிக் குற்றத்தைக் கூறுவது அன்று. வேறுபட்டதனால் என்ன இழந்தோம் என்று காட்டினால்தான் குற்றமாகும். நாவலில் ஆசிரியன் ஒருவனை 'அந்த உருவம்' என்று எழுதிப் பத்து அத்தியாயங்கள் மறைக்கலாம். திரையில் உருவத்தை இருளிலோ தொலைவிலோ நிறுத்தியே மறைக்க முடியும். நாவலில் பாத்திரத்தின் மனம் பேசும். திரையில் முகம் பேச வேண்டும். ஆகவே தழுவுவோன் மாற்றாதிருக்க இயலாது.

ஆங்கிலத்தில் கோனன் டாயில் 1901, 1902 ஆண்டுகளில் இதழ்த் தொடராக எழுதிய பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒளிவீசும் நரக நாய் ஒன்று துரத்துவதாக நம்பிக்கை. அதன் பின்னே மனிதச் சூழ்ச்சி உள்ளது என்று ஷெர்லாக் ஹோம்ஸ் கண்டறிகிறான். அக்கதையைப் பீட்டர் குஷிங் நடிக்க 1968இலும், ஜெரெமி பிரெட் நடிக்க 1988இலும் தொலைக்காட்சியில் அமைத்தனர். எத்தனை முறை அமைத்தாலும் ஒரு தொல்லை நீங்குவதில்லை. ஏட்டில் படிக்கும்போது அந்நாயை நம் அச்சம் உருவாக்குகிறது. திரையில் வருவதோ ஒரு நாய். 'விடாது கருப்பு' தொடரில் குதிரையும் இருளும் அச்சம் தருவதற்குக் காரணம், காட்டியதைக் காட்டிலும் காட்டாது விட்டது மிகுதியாக இருப்பதே.

இரண்டாவது குறை, 'முடிவு ஏமாற்றிவிட்டது' என்பது. தெய்வம் என்று எண்ணியிருந்தோம், கடைசியில் மனநூலைக் கொண்டுவந்து விளக்கிவிட்டனர் என்று வருந்துவோர் ஒரு சாரார். இதற்கு விடை காண, ரொனால்ட் நாக்ஸ் என்பார் 1929இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளை நினைவுகூரலாம். இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றலால் புதிரை அவிழ்க்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. வாசகனுக்குக் காட்டாத தடயத்தைத் துப்பறிவோன் பயன்படுத்தலாகாது என்பது மற்றொன்று. இவற்றை வகுத்த நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பது கருதத்தக்கது. கடவுளை நம்பியவரே கதையில் கடவுளைச் சான்றாக அழைக்க வேண்டா என்றார். வாசகனோடு ஆடும் ஆட்டம் நேர்மையாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆகவே மனித விளக்கம் தருவது தெய்வ மறுப்பு ஆகாது. அவ்விளக்கத்திற்குரிய தடயங்கள் முன்னரே காட்டப்பட்டனவா என்பதுதான் கேட்கவேண்டிய வினா. இத்தொடரில் முற்காலக் காட்சிகளும் பிற்காலக் காட்சிகளும் மாறி மாறி வருவதே அத்தடயங்களை நம் கண்முன் பரப்பும் வழி. இரண்டாம் முறை காண்போர் அவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

முடிவை மாற்றுவதும் புதிதன்று. அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட, தீவில் பத்துப் பேர் ஒவ்வொருவராக மடியும் நாவலை, 1943இல் அவரே நாடகமாக்கியபோது முடிவை மாற்றினார். நாவலின் கடுமையான முடிவை 2015இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் மீட்டுக் கொடுத்தது. எழுதியவரே மாற்றியதுண்டு, பிறர் மீட்டதும் உண்டு. எனவே மூலத்தோடு ஒத்திருத்தல் என்னும் ஓர் அளவுகோலால் மட்டும் முடிவை அளத்தல் இயலாது.

மூன்றாவது குறை, 'இது மூடநம்பிக்கையைப் பரப்புகிறது' என்பது. இது எளிதில் தள்ளத்தக்க கருத்து அன்று. இரவில் பார்த்த பிள்ளைகள் அஞ்சி நடுங்கினர் என்று கூறும் பெற்றோரின் கவலை உண்மையானது. பல வாரங்கள் அச்சத்தை வளர்த்துச் சில காட்சிகளில் விளக்கம் தந்தால், பார்ப்பவர் மனத்தில் நிற்பது அச்சமா விளக்கமா? இவ்வினாவைக் கேட்போர் கதையின் கருத்தைப் பாராது அதன் அளவைப் பார்க்கின்றனர். அது நல்ல திறனாய்வே. விளக்கத்தை நேரடியாகச் சொல்லும் காட்சிகள் குறைவு. அச்சக் காட்சிகள் மிகுதி. தொடரின் தலைப்பும் அச்சத்தின் பக்கமே சாய்கிறது. இக்குறையை நாம் உடன்பட்டே ஆகவேண்டும். ஆயின் அச்சம் ஊட்டுவது ஒன்று. அச்சத்தை ஆராயச் செய்வது மற்றொன்று. இத்தொடர் இரண்டையும் செய்கிறது. எது மேலோங்கும் என்பது உடனமர்ந்து பார்க்கும் பெரியவரின் கையிலும் உள்ளது.

விளக்கம் வியப்பைக் கொல்லுமா?

'காரணம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடும்' என்று பலர் கூறுவதுண்டு. இதற்கு மறுமொழி கூறக் கம்போங் குவாந்தானே போதும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து ஒருங்கே ஒளிர்வதைக் காணப் பயணிகள் இரவில் படகேறிச் செல்கின்றனர். மலாய் மக்கள் அவற்றைக் 'கெலிப் கெலிப்' என்பர். தென்கிழக்கு ஆசியாவில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதாகப் பயணிகள் எழுதியதை மேலைநாட்டார் சிலர் நம்பவில்லை. 1917இல் பிலிப் லோரென்ட் என்பார் 'சயன்ஸ்' இதழில், அது பார்ப்பவரின் கண்ணிமை துடிப்பதனால் தோன்றும் மயக்கமே என்று எழுதினார். அஃதாவது, பார்வையாளரின் கருத்துக்குப் பார்வையாளரே காரணம் என்றார். 1960களில் ஜான் பக் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவியாரும் தாய்லாந்தில் அம்மின்மினிகளை ஆராய்ந்து, அவை மெய்யாகவே ஒருங்கு ஒளிர்வதை நிறுவினர். கண்டவர் சொன்னது மெய். வீட்டிலிருந்து மறுத்தவர் சொன்னதே பிழை.

பூச்சியின் உடலில் லூசிஃபெரின் என்னும் பொருள் லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையால் ஆக்சிஜனோடு வினைபட்டு ஒளி பிறக்கிறது. ஆண் மின்மினி பெண்ணை ஈர்க்கவே ஒளி வீசுகிறது. இவையெல்லாம் அறிந்தபின்னும் படகிலிருந்து மரத்தைப் பார்ப்பவன் வாயடைத்துத்தான் நிற்கிறான். தொல்காப்பியர் மருட்கை எனக் கூறும் வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிலிருந்து பிறப்பது. அறியாமையை அவர் அவற்றுள் ஒன்றாக எண்ணவில்லை. மின்மினியிடத்துச் சிறுமையும், அக்கூட்டத்திடத்துப் பெருமையும் உள்ளன. காரணம் அறிவதனால் அவை குறைவதில்லை. நல்ல மர்மக் கதையும் அத்தகையதே. விடை தெரிந்தபின் மீண்டும் காணத் தூண்டுவதே அதன் உரைகல்.

தோட்டத்துக் காவல் தெய்வம்

இதுகாறும் கூறியவற்றால் தொடரின் மேல் கூறப்படும் குறைகளுக்கு விடை கிடைத்தது. ஆயின் நம் பகுதித் தமிழர்க்கு இதற்கு மேலும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது.

கோலசிலாங்கூர் மாவட்டம் தோட்டத் தொழிலின் பழைய நிலம். நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917இல் இம்மாவட்டத்தில்தான் உருவாயிற்று. அதன் பெயர் தென்னமரம். நம் மொழிச் சொல்லே அதன் பெயராக நிற்கிறது. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர்ப் பரிசு பெற்றவர். இத்தகைய தோட்டங்களில் துரையும் கிராணியும் கங்காணியும் அதிகாரம் செலுத்தினர். பெரட்டுக் களத்தில் பேர் விடுபட்டால் அன்றையக் கூலி இல்லை. முறையிட நீதிமன்றம் எங்கோ தொலைவில் இருந்தது. அதன் மொழியும் தெரியாது.

அந்நிலையில் லயத்துக்கு அப்பால், மரத்தடியில், கையில் அரிவாளோடு நின்ற கருப்பரும் முனியாண்டியும் வழிபாட்டுக்கு மட்டும் உரியவராக இருக்கவில்லை. கூலியைப் பிடித்தம் செய்த கங்காணியின் பேரில் எவரிடம் சொல்வது? பொய் கூறியவனை எவர்முன் நிறுத்திச் சத்தியம் வாங்குவது? ஏழையின் முறையீட்டைக் கேட்கும் மன்றம் அதுவே. தொல்காப்பியர் கூறிய நான்கனுள், இறையின்மேல் உள்ள அச்சத்திற்கு மாற்றாக மக்கள் அணங்கின்மேல் அச்சம் வைத்தனர். மேலிருப்பவனும் அஞ்ச வேண்டிய ஒருவன் இருக்கிறான் என்பது அவர்தம் ஆறுதல்.

இப்பொழுது 'விடாது கருப்பு' கதையை மீண்டும் நோக்குக. தண்டித்தவர் யார் என்னும் புதிர் அவிழ்ந்துவிடுகிறது. ஆயின் தண்டிக்கப்பட்டவர் செய்த தவறுகள் அங்கேயே கிடக்கின்றன. அத்தவறுகளைக் கேட்க ஊரில் வேறு வழி இருந்ததா? இருந்திருந்தால் கருப்பன் இரவில் குதிரையேற வேண்டியிருந்திராது. உளநூல் 'எப்படி நிகழ்ந்தது' என்பதற்கு விடை கூறுகிறது. 'அவ்வூருக்குக் கருப்பன் ஏன் வேண்டியிருந்தான்' என்பதற்கு அது விடை கூறவில்லை, கூறவும் இயலாது. அதற்கு விடையை ஊரின் வாழ்வில் தேடவேண்டும். முடிவு போதவில்லை என்று வருந்தும் முதியவர் பலரின் மனக்குறை உண்மையில் இதுவே என்று கருதுகிறேன். புதிர் அவிழ்ந்தது, நீதி கிடைத்ததா என்பது அவர்தம் கேள்வி. அதனைத் தெய்வ நம்பிக்கை என்று மட்டும் எண்ணி இளையோர் நகைத்தல் ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தெய்வத்தின் பெயரால் ஒருவன் இன்னொருவனைத் தண்டிக்கத் தொடங்கினால், குற்றவாளியை ஆராயவும் தற்காத்துப் பேசவும் இடமில்லாது போகும். அச்சத்தால் நிற்கும் நீதி, அச்சுறுத்துவோன் கைமாறினால் அநீதியாகிவிடும். தெய்வமா மனிதனா என்று ஐயுறுவதும் ஆராய்வதும் அதனால்தான் கடமையாகின்றன. ஆராய்ச்சி தெய்வத்தை இழிவு செய்வதன்று. தெய்வத்தின் பெயரைத் தவறாக வழங்குவோரிடமிருந்து அப்பெயரைக் காப்பது.

1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் மறைந்தன, எல்லைக் கோயில்கள் சில இடம் மாறின, சில மறைந்தன. அக்கோயில்களில் மக்கள் என்ன முறையிட்டனர் என்பது பெரும்பாலும் ஏட்டில் இல்லை. பாட்டிமாரின் நினைவில் உள்ளது. தெய்வமர்மத் தொடர் ஒன்று வீட்டில் ஓடும்போது, அந்நினைவுகள் தாமே வாய்திறக்கின்றன. 'எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான்' என்று ஒரு முதியவர் தொடங்கினால், தொடரை நிறுத்திவிட்டு அவரைக் கேட்பது நலம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஆசிரியர்கள் இத்தகைய தொடர் ஒன்றைக் கருத்தாடலுக்கு எடுத்துக்கொண்டால், மாணவரிடம் மூன்று வினாக்கள் கேட்கலாம். நீ எதனைக் கண்டாய்? அதிலிருந்து எதனை ஐயுற்றாய்? எந்த அடையாளத்தால் தெளிந்தாய்? காட்சி, ஐயம், தெளிவு என்னும் பழைய முறையே இது. 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்னும் இரு சொற்களுக்கு அப்பால் மாணவனை இம்முறை அழைத்துச் செல்லும்.

அதன்பின் நன்னூலின் ஏழு மதங்களுள் இரண்டை மட்டும் பயிற்றுக. பிறர் கருத்தை முதலில் ஏற்று, அதன் வலிமையைக் கூறி, பின்னர்க் களைதல் ஒன்று. இருவர் மாறுபட்டபோது காரணம் காட்டி ஒன்றைத் துணிதல் மற்றொன்று. மூடநம்பிக்கை என்று கூறும் மாணவன், நம்புகின்ற பாட்டியின் காரணத்தை அவர் ஒப்பும் வகையில் முதலில் எடுத்துரைக்கட்டும். நம்புகின்ற மாணவன், ஐயுறுவோனின் தடயங்களை ஒன்றும் விடாது எண்ணிக் காட்டட்டும். அதற்குப் பிறகு இருவரும் தத்தம் முடிபைக் கூறலாம்.

வீட்டில் உள்ள முதியோரை ஒரு மாணவன் கேட்டு, 'நம் தோட்டத்துக் கருப்பரிடம் தாத்தா எதனை முறையிட்டார்?' என்னும் வினாவுக்கு விடை எழுதி வந்தானாயின், அவ்விடை தொடரைப் பற்றிய நூறு கருத்துகளினும் மேலானது. கதையில் அவிழாமல் எஞ்சிய புதிருக்கு அவன் கொணர்ந்த தடயம் அது.